பிரெஞ்சு ஆய்வுகளை மூலத்தில் வாசிப்பது அவசியமா?

கேள்வி (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்):
வணக்கம். எங்கள் ஊர்க் கோயில்களில் சாதி பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் 1966 இல் பிரெஞ்சில் வெளியிட்ட சாதி ஆய்வை ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். மூலத்தைத் தொடாமல் அவரோடு வாதிடுவது முறையா? பிரெஞ்சுக் கட்டுரைகளை இங்கிருந்தே பெறலாமா?

பதில் 1:
தங்கச்சி, தாராளமாகப் பெறலாம். பெர்சே என்னும் இணையத்தளத்தில் பழைய பிரெஞ்சு ஆய்விதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசியவியல் ஆய்வு நிறுவனமான தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி 1901 இல் தொடங்கிய இதழும் அங்கே உண்டு. புதிய கட்டுரைகளுக்கு ஓப்பன்எடிஷன் என்னும் தளத்தைப் பாருங்கள்.

பதில் 2:
மூலத்தை வாசிக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரெஞ்சில் 'ஒன்' என்றொரு சிறு சொல் இருக்கிறது. அது இடத்திற்கேற்ப 'நாங்கள்' என்றும் 'யாரோ ஒருவர்' என்றும் 'சனங்கள்' என்றும் பொருள்படும். மொழிபெயர்ப்பாளர் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தவுடன், பேசுவது ஆய்வாளரா ஊராரா என்ற ஐயம் மறைந்துவிடுகிறது; உங்கள் ஆய்வுக்கோ அந்த ஐயமே முக்கியம். துமோன் தமிழ் கற்று, தமிழ்நாட்டின் பிரமலைக் கள்ளர் சாதியினரிடையே களஆய்வு செய்து 1957 இல் நூல் எழுதியவர் என்பதால், அவர் தூய்மையின்மை என்று குறிப்பதை நாங்கள் 'துடக்கு' என்று சொல்வதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். துமோன் காட்டும் சாதிப் படிநிலையில் பிராமணரே உச்சியில் இருப்பர். யாழ்ப்பாணத்திலோ கோயிலை நடத்திய வெள்ளாளரையே பிராமணக் குருக்கள் சார்ந்திருந்தனர். உங்கள் வாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. பாரிசிலுள்ள மச்சாளோடு இந்த வாரமே முதல் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்குகிறேன்.