ஒற்றை வரிசைக் கற்கள் தாங்கிய காவல் கோபுரம்: குமமோட்டோ கோட்டை அனுபவங்கள்

ஃபுக்குவோகாவில் வசிக்கும் உறுப்பினர்:

2016 ஏப்ரல் 14-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் ஜப்பானின் குமமோட்டோவைப் பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கின. சில வாரங்கள் கழித்து அங்கே போனேன். கோட்டைக்குள் யாரையும் விடவில்லை. தெற்கே கீழிருந்து அண்ணாந்து பார்த்ததும் ஈடாமாரு ஐந்தடுக்குக் காவல் கோபுரம் தெரிந்தது. அடியில் இருந்த கல்சுவர் பெரும்பகுதி சரிந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் நிரப்பியிருந்த சிறு கற்கள் சரிவெங்கும் கொட்டிக் கிடந்தன. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற ஒற்றை வரிசைக் கற்கள் மட்டும் கோபுரத்தின் முனையைத் தாங்கிக்கொண்டிருந்தன. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்தக் கோபுரம் பழையது அல்ல. மெய்ஜி காலத்தில் (1868–1912) அகற்றப்பட்டு, 2005-இல் மரத்தால் மீண்டும் எழுப்பப்பட்டது. அடிச்சுவரின் கலையோ, அப்பகுதியை ஆண்ட பிரபு கதோ கியோமாசா 1607-இல் கட்டிமுடித்த கோட்டையின் மரபு. மூலைக்கு மட்டும் நீளமான கற்களைத் தேர்ந்து, ஓர் அடுக்கில் நீளப்பக்கம் வலப்புறம், அடுத்த அடுக்கில் இடப்புறம் என மாற்றி மாற்றி வைப்பார்கள். சுவரின் நடுப்பகுதி உதிர்ந்த பின்னும் மூலை நின்றதற்கு இந்தப் பிணைப்பே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிவில் பொறியாளரான உறுப்பினர்:

நீங்கள் பார்த்த அந்தக் கோபுரத்தைச் சுற்றி அந்தக் கோடையிலேயே இரும்புச் சட்டம் அமைத்துத் தாங்கிப் பிடித்தார்கள், ஐயா. தொழிலாளர்கள் அடியில் போய் நிற்க முடியாது என்பதால் சட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து நீட்டினார்கள். அந்தத் துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும். பிறகு கோபுரத்தைப் பிரித்துப் பத்திரப்படுத்திவிட்டு, சுவர் வேலையில் இறங்கினார்கள்.

நான் போனது 2020-இல் பார்வையாளர்களுக்கான உயர்நடைபாதை திறந்த பிறகு. என்னைக் கட்டிப்போட்டது கோபுரங்களைவிட கோட்டை வளாகத்தின் நினோமாரு திடலில் வரிசையாகக் கிடந்த கற்கள்தான். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். புதுக் கல் வெட்டிவந்து அடுக்குவது எளிது. விழுந்த கல்லை அதன் பழைய இடத்துக்கே திருப்பி வைப்பதுதான் சீரமைப்பு. அதனால்தான் முழுக் கோட்டையும் தயாராக 2052 ஆகும் என்கிறார்கள். தாமதம் என்று குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மற்றோர் உறுப்பினர்:

கோட்டையின் இன்னொரு காவல் கோபுரமான உட்டோவை யாரும் சொல்லவில்லையே! 1877-இல் அரசுக்கு எதிராக நடந்த சாமுராய் கலகத்தின்போது கோட்டையின் முதன்மைக் கோபுரம் தீக்கிரையானது. இன்று நாம் பார்ப்பது 1960-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. அந்தத் தீக்குத் தப்பிய அசல் மரக்கட்டடம் உட்டோ. 2016-இல் அதை ஒட்டியிருந்த நீண்ட கட்டடம் இடிந்து விழுந்தது, கோபுரம் நின்றது. நிலநடுக்கத்துக்கு முன் அதன் உள்ளே ஏறியிருக்கிறேன். செங்குத்தான மரப்படிகளில் கயிற்றைப் பிடிப்பதுபோலக் கைப்பிடியைப் பற்றித்தான் ஏற வேண்டும். பலகைகள் கால்பட்டுக் கால்பட்டு வழுவழுப்பாகியிருந்தன. பிறகு பழுதுபார்ப்புக்காக அதையும் பிரிக்கத் தொடங்கினார்கள்.

இனி போகிறவர்கள் முதலில் நினோமாருவில் அந்த எண்ணிட்ட கற்களைப் பாருங்கள், பிறகு நடைபாதையில் ஏறுங்கள். சுவர்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.