ஹெபடைடிஸ் சி: வடசென்னையில் இலவச சிகிச்சை எங்கே?

வணக்கம். ஊசியில் போதை மருந்து ஏற்றும் என் தம்பிக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கான ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ், அதாவது எப்போதோ கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது. "யார் ஊசியையும் வாங்கிப் போட்டதில்லக்கா" என்கிறான். ஆனால் மருந்து கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் எல்லாம் கூட்டாளிகளோடு பொது. அதில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலே கிருமி பரவும்.

இப்போது தொற்று இருக்கிறதா என்று ரத்தத்தில் வைரஸ் அளவைக் காட்டும் வைரல் லோடு டெஸ்ட் பார்த்தால்தான் தெரியும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம், பெரும்பாலானோருக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும். வடசென்னையில் எந்த அரசு மருத்துவமனை, எந்தக் கிழமை? ஒரு இடத்தில் கைத்தழும்பைப் பார்த்ததுமே திட்டி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வரவே மாட்டேன் என்கிறான். மரியாதையாகப் பேசும் டாக்டர் வேண்டும். கூட்டாளிப் பையன்களையும் கூட்டிப்போகணும். புது ஊசி இலவசமாகத் தரும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், இன்பாக்ஸில் என்றாலும் சரி.