நாயனக்காரரிடம் சினிமாப் பாட்டு கேட்டது அவ்வளவு பெரிய குத்தமா?

மாமரத்து நிழல்
போன வாரம் கும்பகோணம் பக்கத்துல சித்தப்பா பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சு மண்டப வாசல்ல மேளம் உக்காந்திருந்தது. ரெண்டு நாயனம், ரெண்டு தவில். தோடி ராகம் போய்க்கிட்டிருந்தது. என் தம்பி இப்ப ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சினிமாப் பாட்டைச் சீட்டுல எழுதி, நூறு ரூபாயைச் சுத்தி நீட்டினான். பெரியப்பா குறுக்கே பாய்ஞ்சு அதைப் பிடுங்கி, "தோடி வாசிக்கிறவர்கிட்ட குத்துப்பாட்டா கேக்குற? வெக்கமா இல்ல?"ன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடியே கத்திட்டார். தம்பி சாப்பிடாம ரூமுக்குப் போயிட்டான். வித்வான் சீவாளியைத் துடைச்சுக்கிட்டே "சின்னப் பையன், விடுங்கய்யா"ன்னார். எனக்கு ரெண்டு நாளா மனசு ஆறல. அவன் செஞ்சது அவ்வளவு பெரிய குத்தமா?

சுத்த தைவதம்
பெரியப்பா சொன்ன விதம் தவறு. சொன்ன விஷயம் சரி. ஆலாபனை நடுவில் சீட்டு நீட்டுவது, கதை சொல்லிக்கொண்டிருப்பவர் வாயைப் பொத்துகிற மாதிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் இன்றைக்கும் பேசுகிறோம். அதே வாத்தியத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் இந்த மாதத்து ஹிட்டைக் கேட்பதா? எல்லாரும் கேட்கிறார்கள் என்பதற்காக ஒன்று உசத்தி ஆகிவிடாது.

பால்கனி டிக்கெட்
சார், அதே ராஜரத்தினம் பிள்ளை 1940-ல 'காளமேகம்' படத்துல ஹீரோ. எல்லிஸ் டங்கன் டைரக்‌ஷன். சினிமா தீட்டுன்னு அவர்கிட்ட யாரும் சொல்லல போல.

சுத்த தைவதம்
அவர் நடித்தாரா என்பதா கேள்வி? தோடியைப் பாதியில் நிறுத்தலாமா என்பதுதான்.

பால்கனி டிக்கெட்
சரி, காருகுறிச்சி அருணாசலம்? 1962, 'கொஞ்சும் சலங்கை'. ஜானகியம்மா குரலும் அவர் நாயனமும் சேர்ந்த 'சிங்கார வேலனே'. அது சினிமாப் பாட்டு இல்லாம வேற என்ன?

மாமரத்து நிழல்
ஐயோ, முக்கியமானதைச் சொல்ல விட்டுட்டேன். தம்பி எழுந்து போனதும் பெரியப்பா நாயனக்காரர் பக்கத்துல போய், "நீங்க நல்ல கீர்த்தனையா ஒண்ணு வாசிங்க, சிங்கார வேலனே வாசிங்களேன்"ன்னார். சத்தியமா.

பால்கனி டிக்கெட்
ஹாஹா. அறுபது வருஷம் ஊறினா சினிமாப் பாட்டு கீர்த்தனை ஆயிடும். தம்பியைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க, அவன் பேரன் கல்யாணத்துல அவன் பாட்டும் கீர்த்தனை ஆயிடும்.

சுத்த தைவதம்
சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டில் ஆபேரி முழுசாக உட்கார்ந்திருக்கிறது, நாயனம் மூச்சு விட இடம் இருக்கிறது. அதையும் இரண்டு வரி மெட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சரி, உங்களையே கேட்கிறேன். போன மாதம் இங்கேயே "இப்ப வர்றதெல்லாம் பாட்டா, ராஜா காலத்தோட போச்சு" என்று எழுதியது யார்? 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, இந்திப் பாட்டு கேட்பதைப் பெருமையாக நினைத்தவர்கள் அதைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்றார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பால்கனி டிக்கெட்
அது வேற சார்.

சுத்த தைவதம்
எப்படி வேறு?

பால்கனி டிக்கெட்
யோசிச்சுட்டு வரேன். அதுக்குள்ள நீங்க இதுக்குப் பதில் சொல்லுங்க. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு வாத்திய மெட்டைக் கேட்டுட்டு, அதே மெட்டுல நோட்டுஸ்வரம்னு சமஸ்கிருதப் பாட்டெல்லாம் போட்டாரே? 'காட் சேவ் த கிங்' மெட்டுலதான் 'சந்ததம் பாஹிமாம்'. அவர் தம்பி பாலுசுவாமி வயலினையே கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். அன்னிக்கு உங்களை மாதிரி ஒருத்தர் அதையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தா, இன்னிக்கு உங்க கச்சேரியில பக்கவாத்தியம் ஏது?

சுத்த தைவதம்
தீட்சிதர் தாமாகக் கேட்டார், தாமாகப் போட்டார். அவரிடம் யாரும் நூறு ரூபாய் நீட்டவில்லை.

ராயபுரம் ரவுசு
எங்க ஏரியாவுல சாவு வூட்டுல வுடிய வுடியப் பாடுற கானாவ குடிகாரன் பாட்டுன்னாங்க. இப்ப அதே பாட்டுக்கு ஏசி ஹால்ல டிக்கெட்டு. பாட்டு அதேதான். பாடுறவன் சட்ட மட்டும் மாறிகீது. அவ்ளோதான், வரேன்.

அளவெட்டியான்
எங்கட ஊர்த் திருவிழாவில ரெண்டும் ஒரே இரவில நடக்கும். சாமி வீதி சுத்தேக்க மல்லாரி, ராகம் எண்டு போகும். சாமி இருப்புக்கு வந்தாப்பிறகு சினிமாப் பாட்டு. பெடியள் அதுக்கெண்டே நித்திரை முழிச்சு நிப்பினம். தட்சிணாமூர்த்தியின்ரை தவிலைக் கண் வெட்டாமல் கேட்ட சனமும் இதே சனம்தான். ரெண்டு காது தேவைப்படேல்லை. இன்னொண்டு: இந்தியாவில 1952-ல கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்து, வானொலியில சினிமாப் பாட்டை ஒதுக்கிச் சாஸ்திரிய சங்கீதத்தைத் தூக்கி வைச்சார். உங்கட சனம் பேசாமல் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பி விட்டுது. 1957-ல சினிமாப் பாட்டுப் போடுற விவித பாரதி எண்ட வானொலிச் சேவையைத் துவங்கித்தான் போன ஆக்களைத் திருப்பிக் கூப்பிட்டவை.

ஒத்து ஊதுறவன்
இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன். எங்கப்பா தவில்காரர். சின்ன வயசுல நான் அவரோட போய் சுருதிப் பெட்டி போட்டுக்கிட்டு உக்காருவேன், அதான் இந்தப் பேர். நீங்க எல்லாரும் கேக்கிறவங்க பக்கத்துலேர்ந்தே பேசுறீங்க. திண்ணையில உக்காந்து பார்த்தா என்ன தெரியும்னு சொல்றேன்.

ஆறு மணி முகூர்த்தம்னா அப்பா நாலு மணிக்கே விரல்ல கூடு மாட்டிடுவார். துணியில மைதாப் பசை தடவிச் சுத்திக் காயவெச்ச கூடு, கல்லு மாதிரி இருக்கும். நாயன மாமா தோடி எடுக்கும்போது எதிர்ல யார் இருப்பாங்க? கோலம் போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அக்கா ஒருத்தங்க, நாற்காலி இழுக்கிற பசங்க. "தோடி வாசிங்க"ன்னு சொன்ன பெரியவர் ரெண்டு நிமிஷம் தலையாட்டிட்டு, காபி வந்தாச்சான்னு பாக்கப் போயிடுவார். அரை மணி கழிச்சுத் திரும்பி வந்து "பேஷ்"னுவார். அப்ப கல்யாணி ஓடிக்கிட்டிருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்த பையன் மட்டும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டு முடியற வரைக்கும் அங்கேயே நிப்பான்.

அதுக்காகப் புதுப் பாட்டு வாசிக்கிறது எங்களுக்கு ஆசைன்னும் நினைச்சுடாதீங்க. மெட்டு ரெண்டு வரி, மிச்சமெல்லாம் பீட்டு. அப்பாவுக்குக் குஷிதான், புகுந்து விளையாடுவார். நாயன மாமா அந்த ரெண்டு வரியையே எட்டுத் தடவை ஊதிட்டுத் தண்ணி கேப்பார்.

சுத்த தைவதம்
உங்கள் தந்தைக்கு என் நமஸ்காரம். நீங்கள் சொன்ன "பேஷ்" பெரியவர்களை எனக்கும் தெரியும். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நடக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

ஆனால் ஜனம் கேட்பதே நியாயம் என்று வைத்துக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும்? இப்போது பாதிக் கல்யாணத்தில் கேரளத்துச் செண்டை மேளம், ராத்திரி டிஜே. தவில் எங்கே? விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கொரு ராகம் வைத்திருந்த கோயில்களில் இன்று சுவிட்சைப் போட்டால் தானே அடிக்கிற இயந்திரம். மணியும் முரசும் மோட்டாரில் ஓடுகின்றன. எதிரில் நிற்கிற பக்தர்களில் ஒருவருக்காவது குறை தெரிகிறதா? கையைத் தூக்கச் சொல்லி எண்ணினால் முதலில் தோற்பது உங்கள் அப்பாதான். என்னைத் திமிர் பிடித்தவன் என்றே சொல்லுங்கள். 'இது வேண்டும், அது போதாது' என்று முகம் சுளிக்கிற நாலு பேர் இல்லையென்றால் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைகிறவரிடம் யார் நாயனம் வாங்குவார்கள்?

ஒத்து ஊதுறவன்
மிஷினுக்கு எங்கிட்ட பதில் இல்ல சார். எங்க ஊர்க் கோயில்லயும் வந்துடுச்சு. முதல் நாள் அப்பா பக்கத்துல போய் நின்னு முழுசாக் கேட்டார். "காலப்பிரமாணம் தப்பாம அடிக்குதுடா"ன்னார். அன்னிக்கு வேற எதுவும் பேசல.

ஆனா முகம் சுளிக்கிற நாலு பேரை நான் எங்கயும் பார்த்ததில்ல. சபாவுல எங்களுக்குன்னு கிடைக்கிறது திறப்பு விழாவுக்கு முன்னாடி மங்கள இசை. அந்த நேரத்துல ஹால்ல மைக்காரரும் மாலை கட்டுறவரும்தான். நீங்களெல்லாம் பாட்டுக் கச்சேரிக்குத்தானே வர்றீங்க?

சுத்த தைவதம்
நாயன வித்வான் ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்கள். அவர் வாசிப்பைக் கேட்க ஸ்ரீரங்கம் வரை போயிருக்கிறேன்.

ஒத்து ஊதுறவன்
பேர் சொல்ல 1998-க்குப் போக வேண்டியிருக்கு பாருங்க.

சுத்த தைவதம்
அடி சரியான இடத்தில் விழுந்தது. உங்கள் தந்தை அடுத்து எங்கே வாசிக்கிறார்? முன் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

ஒத்து ஊதுறவன்
வைகாசியில ஒரு கல்யாணம் இருக்கு, தனியா மெசேஜ்ல சொல்றேன். முன் வரிசை வேணாம், அது சம்பந்தி வீட்டுக்கு. தரையில எங்க பக்கத்துலயே உக்காந்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, முதல் பந்திக்குப் போயிடாதீங்க. மாமா தோடி எடுக்கிறது அந்த நேரத்துலதான்.

பால்கனி டிக்கெட்
நானும் வரேன். தோடி முடியற வரைக்கும் சீட்டு பாக்கெட்லயே இருக்கும், சத்தியம். சார் கேட்ட 'எப்படி வேறு?'க்கு இன்னும் பதில் கிடைக்கல, தேடிக்கிட்டிருக்கேன்.

மாமரத்து நிழல்
தம்பிகிட்ட இதையெல்லாம் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த நூறு ரூபா எங்க?"ன்னான். பெரியப்பா அதை இன்னும் மேளக்காரங்ககிட்ட கொடுக்கவே இல்லையாம். ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு வரேன்.