‘பட்டர்’ நாவல்: கொண்டாடும் அளவுக்கு என்ன இருக்கிறது?

கவின்:
அசாகோ யுசுகியின் ‘பட்டர்’ நேற்றுதான் முடித்தேன். 2017இல் ஜப்பானில் வந்த நாவல், 2024இல் ஆங்கிலத்தில் வந்ததிலிருந்து ஆளாளுக்குத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. மூன்று ஆண்களைக் கொன்றதாக 2012இல் மரண தண்டனை பெற்ற கனாயே கிஜிமாவின் வழக்குதான் இதற்கு விதை. நாவலிலோ செத்தவர்களுக்கு முகமே இல்லை, கிஜிமாவை வைத்து உருவாக்கப்பட்ட, சிறையில் இருக்கும் கஜீ மட்டும் பக்கம் பக்கமாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள்.

தமயந்தி:
கவின், கிஜிமா பிடிபட்டபோது அங்கே ஊடகங்கள் எதைப் பேசின? இவ்வளவு குண்டான பெண்ணிடம் ஆண்கள் எப்படி விழுந்தார்கள் என்றுதானே! நாவல் பிடித்துக்கொள்வது அந்தப் பேச்சைத்தான். பேட்டி கேட்டுப் போன நிருபர் ரிகாவிடம் கஜீ சொல்கிறாள்: சுடுசோற்றில் குளிர்ந்த வெண்ணெயை வை, கொஞ்சம் சோயா சாஸ் விடு, உருகுவதற்குள் வாயில் போடு. சமைக்கவே நேரமில்லாத ரிகா அதைச் சாப்பிடும் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். அப்புறம் கொஞ்சம் எடை ஏறினால் போதும், காதலன் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் உடம்புதான் கண்ணில் படுகிறது.

கவின்:
எடைப் பேச்சு பெண்ணுக்கு மட்டுமா? 2008இலிருந்து ஜப்பானில் 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையில் இடுப்பை அளக்கிறார்கள், வரம்பு ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90. ஆணுக்குத்தான் கெடுபிடி அதிகம்.

தமயந்தி:
அந்தக் கணக்கு மருத்துவரோடு முடிந்துவிடும். ரிகாவுக்கு அது அலுவலகத்துக்கும் வருகிறது, படுக்கைக்கும் வருகிறது.

கவின்:
சரி. ஆனால் பெண்ணியவாதிகளையும், வெண்ணெய்க்குப் பதிலாகப் பூசும் மார்கரினையும் சகிக்க முடியாது என்பவள் கஜீ. ஆணுக்குச் சமைத்துப் போட்டு மகிழ்விப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்பவள். அவளா வழிகாட்டி?

தமயந்தி:
வழிகாட்டி என்று யார் சொன்னது? ரிகா அவளிடம் மயங்கி, அவளாலேயே அடிபட்டு, கடைசியில் தன் நாக்குக்கு என்ன வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கிறாள். கஜீ சொன்னதை அப்படியே ஏற்றிருந்தால் நாவல் பாதியிலேயே முடிந்திருக்கும்.

ரஃபீக்:
கவின், செத்தவர்களுக்கு முகமில்லை என்றீர்களே, ரிகாவின் அப்பாவை விட்டுவிட்டீர்கள். மனைவி பிரிந்த பிறகு தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் தனியாகக் கிடந்து செத்த மனிதர். சமைத்துப் போட ஒருத்தி வேண்டும் என்று காத்திருந்து அழிகிற ஆண்களைப் பற்றி யுசுகி அந்த இடத்தில்தான் எழுதியிருக்கிறார், அதுவும் ரிகாவின் குற்ற உணர்ச்சியோடு சேர்த்து.

கவின்:
அப்பா பகுதி எனக்கும் வலித்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் கஜீயின் சொந்த ஊர்ப் பக்கமான நீகாட்டாவுக்கு ரிகா போகும் பயணத்தில் பாதியை வெட்டியிருக்கலாம்.

தமயந்தி:
மாட்டுப் பண்ணை வருவதே அங்கேதான், அதை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள்!