கொட்டகைச் சுவரில் குடியிருந்த உண்ணிகள்

எங்கள் கலப்பினப் பசு இரண்டு நாளாகத் தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. அதுவரை சாதாரணக் காய்ச்சல் என்றே அலட்சியமாக இருந்தேன். மருத்துவர் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, பபேசியா என்றார்; உண்ணி கடித்துப் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி அது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் நிறமி சிறுநீரில் கலப்பதால்தான் அந்த நிறமாம். ஊசியில் பசு பிழைத்தது. கிளம்பும்போது அவர், "உண்ணிக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். மாதம் தவறாமல் மருந்து தெளிப்பதாகப் பெருமையாகச் சொன்னேன். "மாட்டின் மேலா, கொட்டகையிலுமா?" என்றார். வாயடைத்துப் போனேன்.

அன்றிரவே டார்ச்சுடன் தேடினேன். தீவனத் தொட்டிக்குப் பின்னால், சுவர் விரிசலில், பழுப்பு மணிகளைக் கொட்டியதுபோல் முட்டைக் குவியல்கள். இரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இடுமாம். தாயிடமுள்ள பபேசியா முட்டை வழியே குஞ்சுகளுக்கும் போய்விடுகிறது. அதாவது, அடுத்த நோயை நானே சுவரில் வளர்த்து வந்திருக்கிறேன். விரிசல்களைச் சிமெண்டால் பூசினேன், குப்பையை அள்ளி எரித்தேன், மருத்துவர் சொன்ன மருந்தைச் சுவர், தரை எங்கும் தெளித்தேன். மாட்டுக்கு மூன்று வாரம் கழித்து மறுபடியும் தெளிப்பு. மாட்டுண்ணி குஞ்சாக ஏறி, உப்பி விழ ஏறக்குறைய அவ்வளவு நாளாகும்.

* * *

உங்கள் பசுவாவது பிழைத்தது. எங்கள் கன்றுக்குத் தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம். முட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து மூன்று நாள் பற்றுப் போட்டோம். அது தைலேரியாவால், அதாவது உண்ணி பரப்பும் இன்னொரு ஒட்டுண்ணியால், வீங்கிய நிணநீர்க் கணு. மருத்துவர் வருவதற்குள் கன்று படுத்துவிட்டது, எழவேயில்லை.

* * *

நான் செய்த தவறு வேறு. மருந்தைக் கண்ணளவில், அதுவும் சிக்கனமாகக் கலந்து வந்தேன். தாங்கிப் பிழைத்த உண்ணிகள் பெருகி, கடைசியில் அந்த மருந்துக்கே அசையவில்லை. வேறு வகை மருந்துக்கு மாறினோம். இப்போது அளவுக்குவளை இல்லாமல் கலப்பதில்லை. காதின் உட்புறம், வாலடி, மடிக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மடிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிடுங்கிய உண்ணியை மட்டும் விரலால் நசுக்காதீர்கள். சில உண்ணிகள் மனிதருக்கும் நோய் தரும். கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறேன்.