நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக் குடிக்கும் தம்பி: உதவி தேவை

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது 2019இல் தெரிந்தது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் இரவில். கடைசிப் பரிசோதனையில் இரத்தத்தில் வைரஸ் அளவு 50க்கும் கீழே, அதாவது நன்றாகக் கட்டுக்குள். அந்தத் தாளைக் காட்டியே, "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எங்கள் வாயை அடைத்துவிடுகிறான்.

கடந்த ஓராண்டாகக் குடி கூடிவிட்டது. குடித்த இரவுகளில் மாத்திரையைத் தொடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இதுதான் எனக்குப் பெரும் பயம். குடித்திருந்தாலும் மாத்திரையை விடக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். தலையாட்டினான். மாதக் கடைசியில் டப்பாவைக் குலுக்கினால் இன்னமும் மாத்திரைகள் உருளும் சத்தம்.

பசி இல்லை, காலையில் குமட்டல், கல்லீரல் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி உயர்ந்திருக்கிறது. மஞ்சள் காமாலை வைரஸ்கள் பி, சி இரண்டும் இல்லை.

மாத்திரையைக் காலைக்கு மாற்றிப் பார்த்தோம்; குமட்டலில் அதுவும் தவறுகிறது. பாட்டில்களை ஒளித்தது சண்டையில் முடிந்தது. ஆலோசகர் உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட, குடிப்பழக்கத்தை அளவிடும் ஆடிட் (AUDIT) படிவத்தைக் கொடுத்தார். மதிப்பெண் ஆபத்தான அளவில் வந்தும் அவன் அசையவில்லை.

உடம்பில் குறையே இல்லை என்று நம்புகிறவரைக் குடியிலிருந்து திருப்ப, உங்கள் அனுபவத்தில் எந்தச் சிகிச்சை அல்லது அணுகுமுறை பலன் தந்தது?