சொக்சோ: கணுக்காலுக்கு 8 விழுக்காடுதான் வந்திருக்கிறது, அப்பீல் செய்யலாமா?

பிறை மோட்டார்காரன்:

வணக்கம். இரவு ஷிஃப்ட்டுக்காகப் பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு மோட்டாரில் போகும்போது, பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் லாரி உரசி விழுந்துவிட்டேன். வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிவு. பிளேட், ஸ்குரூ வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்று சொக்சோ (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஏற்றுக்கொண்டது, எம்சி (மருத்துவ விடுப்பு) காலத்துப் பணமும் வந்துவிட்டது. அது வரைக்கும் எனக்குக் குறையில்லை.

எம்சி முடிந்த பிறகு ஜெமாஆ டோக்டர், அதாவது மருத்துவ வாரியத்தின் முன்னால் போனேன். இப்போது கடிதம் வந்திருக்கிறது, நிரந்தர ஊனம் 8 விழுக்காடு என்று. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, அது உண்மைதான். ஆனால் என்னால் குந்தி உட்கார முடியாது. படி இறங்கினால் ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்துத்தான் இறங்குகிறேன். பாதி ஷிஃப்ட்டில் பூட்ஸ் இறுக்க ஆரம்பித்துவிடும், கழற்றினால் சாக்ஸ் பட்டை பதிந்து கிடக்கும். லைனில் நிற்க முடியாமல் பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள், ஓவர்டைமும் போச்சு.

அப்பீல் செய்ய வக்கீல் வேண்டுமா? கூட வேலை செய்பவர் ஒருவர், இதை விட்டுவிட்டு பென்சென் ஈலாட்டுக்கு, அதாவது சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு, மனு போடு என்கிறார். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

முன்னாள் எச்ஆர்:

தம்பி, முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். வாரியத்தின் முடிவு உங்களுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்கு எழுதிப் போட வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வக்கீல் தேவையில்லை. பணம் வந்ததும் இத்தனை விழுக்காடு எனக்கு என்று கேட்டு வரும் ஏஜெண்டும் தேவையில்லை. அவர் செய்யப்போவதும் உங்கள் மருத்துவ ரிப்போர்ட்டைப் பிரதி எடுத்து சொக்சோ அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே, அதை நீங்களே செய்யலாம்.

இங்கே இரண்டு வாரியங்களைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இது வேலை விபத்தே இல்லை என்று சொக்சோ தள்ளியிருந்தால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும், அது சட்ட விவகாரம். உங்கள் சண்டை விழுக்காட்டோடு மட்டும்தான். அதை டாக்டர்கள்தான் பார்ப்பார்கள்.

பென்சென் ஈலாட் உங்களுக்கு ஒத்துவராது. நோயாலோ காயத்தாலோ, திடகாத்திரமான ஆள் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அது. நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் பக்கம் போனால் நாள்தான் வீணாகும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஏறக்குறைய 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் நாளுக்கு 100. நிரந்தர ஊனத்துக்கு அதில் 90 விழுக்காடு அடிப்படை, ஆக 90 வெள்ளி. உங்கள் 8 விழுக்காட்டுக்கு நாளுக்கு 7.20, மாதம் 216 வெள்ளி போல வரும். 15 என்றால் மாதம் 405. விழுக்காடு 20 வரை இருந்தால் மொத்தமாகவே வாங்கிக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுக்கலாம், மீதி ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். வயது குறைவாக இருந்தால் மாதாமாதம் வாங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. மொத்தமாக வாங்கிய பணம் புது மோட்டாராக மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்பளக் கணக்கில் விபத்துக்கு முந்தைய 6 மாதம்தான் பார்ப்பார்கள், ஓவர்டைமும் சேரும். சம்பளச் சீட்டை எடுத்து ஒரு தடவை சரிபாருங்கள்.

பிசியோ தங்கச்சி:

அண்ணா, நான் எலும்பு நோயாளிகளோடுதான் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ஃபைலில் எலும்பைப் பற்றிய தாள்தான் இருக்கிறது, மூட்டைப் பற்றிய தாள் இல்லை. எலும்பு கூடிவிட்டது என்பதும் கணுக்கால் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு.

உங்கள் எலும்பு ஸ்பெஷலிஸ்ட்டிடம் புது ரிப்போர்ட் கேளுங்கள். "வலி இருக்கிறது, வீக்கம் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது, எண் வேண்டும். பாதத்தை மேலே தூக்கினால் சாதாரணமாக 20 டிகிரி வரும், கீழே அழுத்தினால் 50 டிகிரி வரை போகும். உங்களுக்கு எத்தனை, நல்ல காலில் எத்தனை என்று கோணமானி வைத்து அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். படி இறங்க முடியாததும் குந்த முடியாததும் பெரும்பாலும் மேலே தூக்கும் கோணம் போனதால்தான்.

அப்புறம் கெண்டைக்கால். இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே ஒரே தூரத்தில் டேப் சுற்றி அளந்தால், பயன்படுத்தாத கால் மெலிந்திருப்பது சென்டிமீட்டரில் தெரியும். இதில் யாரும் நடிக்க முடியாது, அதனால் டாக்டர்கள் இதை மதிப்பார்கள். எக்ஸ்ரேயும் படுக்க வைத்து எடுத்ததா, நிற்க வைத்து எடுத்ததா என்று பாருங்கள். உடம்பு எடை இறங்கும்போதுதான் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது தெரியும்.

பிறை மோட்டார்காரன்:

நன்றி அண்ணே, நன்றி தங்கச்சி. எக்ஸ்ரே எல்லாம் படுக்க வைத்து எடுத்ததுதான். சமதளம் இல்லாத இடத்தில் நடந்தால் கால் திடீரென்று வெளிப்பக்கம் மடங்கிவிடுகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் உதவுமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப் போகும், தனியாரில் செலவு அதிகம்.

பிசியோ தங்கச்சி:

மடங்குகிறது என்றால் தசைநாரையும் பார்க்க வேண்டும், அதை இதுவரை யாரும் எழுதவில்லை போல. ஆனால் பிளேட் இருக்கும் காலில் எம்ஆர்ஐ படம் உலோகத்தைச் சுற்றி மங்கலாக வரும். கைக்காசு போடும் முன்னால் ஸ்பெஷலிஸ்ட்டிடம் கேளுங்கள். பாதத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இரண்டும் மலிவு, சில நேரம் அதுவே போதும்.

முன்னாள் எச்ஆர்:

எது எடுத்தாலும், ரிப்போர்ட் வரட்டும் என்று அப்பீலைத் தள்ளிப் போடாதீர்கள். 90 நாள் யாருக்காகவும் நிற்காது. அப்பீலைப் போட்டுவிட்டு, ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் சீட்டை இணையுங்கள். ரிப்போர்ட் கிடைத்ததும் சேர்த்துக்கொடுங்கள்.

பழைய ரேஞ்சர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ராணுவத்தில் ரேஞ்சராக இருந்தவன், பயிற்சியில் இடது கணுக்கால் போனது. இப்போது ஜெலுத்தோங்கில் ஒரு கொண்டோவில் காவலாளி. போன மாதம் படிக்கட்டில் வழுக்கி அதே கால் மறுபடி. எனக்கும் சொக்சோவா, இல்லை ராணுவ வீரர் விவகாரத் துறையா?

முன்னாள் எச்ஆர்:

ஐயா, எந்தச் சீருடையில் இருக்கும்போது அடிபட்டதோ, அதற்கு ஏற்ற கதவைத்தான் தட்ட வேண்டும். ராணுவ வீரர்கள் 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள். பயிற்சியில் பட்ட காயத்துக்கு வீரர் விவகாரத் துறையைத்தான் கேட்க வேண்டும். காவலாளி வேலையில் விழுந்தது சொக்சோ. உங்கள் முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று இன்றே பாருங்கள். கட்டாவிட்டாலும் சும்மா இருக்க வேண்டாம், அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள், கட்டாதது அவர் குற்றம்.

பழைய ராணுவ மருத்துவ ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அப்போது கால் எந்த அளவில் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இல்லாவிட்டால் இப்போது வந்த கெடுதல் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வழியில்லை.

பிறை மோட்டார்காரன்:

இன்னொரு சந்தேகம். சொக்சோவிலிருந்து ரிட்டர்ன் டு வொர்க் (மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும்) திட்டத்துக்கு வரச் சொல்லி போன் வந்தது. மலாக்காவில் மறுவாழ்வு மையம் இருக்கிறதாம். அங்கே போனால் கால் சரியாகிவிட்டது என்று எழுதி விழுக்காட்டைக் குறைத்துவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பிசியோ தங்கச்சி:

போங்கள் அண்ணா. அந்தத் திட்டம் 2007-லிருந்து நடக்கிறது, மலாக்கா மையம் 2014-லிருந்து. அங்கே கால் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று அளந்து எழுதுவார்கள். நீங்கள் முயற்சி செய்தும் இவ்வளவுதான் வந்தது என்று தாளில் இருப்பது அப்பீலுக்கு நல்லதுதான். ஒருவேளை கால் உண்மையிலேயே தேறினால், 8-ஐ 15 ஆக்குவதைவிட எனக்கு அது சந்தோஷம்.

ஒன்று மட்டும், வாரியத்தின் முன்னால் கூட்டியும் காட்ட வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக நடந்தும் காட்ட வேண்டாம். நிறையப் பேர் வெட்கப்பட்டு நன்றாக நடந்து காட்டிவிட்டு வருகிறார்கள். காலையில் வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்னாள் எச்ஆர்:

எச்ஆரிடம் ஒரு கடிதம் கேளுங்கள் தம்பி. விபத்துக்கு முன் என்ன வேலை, ஒரு ஷிஃப்ட்டில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எப்போதிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள் என்று அதில் இருந்தால் போதும். அப்பீலை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறை மோட்டார்காரன்:

சரி அண்ணே. கடிதத்தில் தேதியைப் பார்த்துவிட்டேன், நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கிறேன், அவர் அளவு எழுதிக் கொடுத்ததும் இங்கே போடுகிறேன்.